இசிஎம் போச்சு என்று சொல்வதற்கு முன்

"சாவியைத் திருப்பினா செக் லைட் எரியுதா?"

வண்டி நின்றுபோய்விட்டது என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். பதிலை வைத்தே பாதி நோய் தெரிந்துவிடும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் இசிஎம்முக்கு, அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டிக்கு, கரண்ட் போகவில்லை என்று முதலில் சந்தேகப்படுவேன். இசிஎம் செத்துவிட்டது என்ற சந்தேகம் அதற்கு வெகு தூரம் பின்னால்தான் வரும்.

திருநெல்வேலி தச்சநல்லூர் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். பேட்டை ஐடிஐயில் படித்துவிட்டு வந்து இந்தத் தொழிலில் 21 வருடம் ஆகிறது. தொடங்கிய காலத்தில் டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன், ஹெட்லைட், இவ்வளவுதான் வேலை. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தது. இப்போது ஒரு சாதாரணக் காரில்கூட டீசலோ பெட்ரோலோ எவ்வளவு போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்வது அந்த அலுமினியப் பெட்டிதான். அதனாலேயே எந்தப் பிரச்சினை வந்தாலும் பழி அதன் மேல் விழுகிறது. "போர்டு போயிட்டு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். விலை முப்பதாயிரம், நாற்பதாயிரம், அதற்கு மேலும் வரும். வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிற ஒருவனிடம் அந்த வார்த்தையைச் சொல்லும் முன் அரை நாள் உட்கார்ந்து சோதிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

போன பங்குனியில் வள்ளியூரிலிருந்து ஒரு டிரைவர் தம்பி வந்தான். டீசல் செடான், வாடகைக்கு ஓட்டுகிறான். நாங்குநேரி டோல்கேட் தாண்டியதும் வண்டி அப்படியே நின்றுவிட்டது. செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் எடுக்கவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறான். அவர்கள் ஸ்கேனரை, அதாவது இசிஎம்மோடு பேசிப் பிழைகளைப் படிக்கிற கருவியை, சொருகியிருக்கிறார்கள். இசிஎம் பேசவில்லை. உடனே 48,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "அண்ணே, சித்திரையில ஆறு கல்யாண வாடகை புடிச்சிருக்கேன். ஒரு பழைய இசிஎம் இருந்தா பாத்துக் கொடுங்க" என்று என்னிடம் கேட்டான். பழைய இசிஎம் இருக்கட்டும், முதலில் வண்டியை இங்கே கொண்டு வா என்றேன். அந்த வண்டிக்கு என்ன ஆனது என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர். இண்டிகேட்டருக்குப் போடுகிற 21 வாட் பல்பில் இரண்டு வயர் சேர்த்த ஒரு டெஸ்ட் லேம்ப். கனெக்டரின் பின்பக்கம் நுழைகிற மெல்லிய ஊசிகள். ஒரு ஸ்கேனர். எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த மாடலுக்கு உரிய வயரிங் படம். எந்தப் பின்னில் என்ன வர வேண்டும் என்று தெரியாமல் இசிஎம் கனெக்டரில் கை வைக்கவே கூடாது.

செக் லைட்டைப் பற்றி இன்னொன்று. சில புது வண்டிகளில் இசிஎம்மிடமிருந்து செய்தி வராவிட்டால் மீட்டரே அந்த விளக்கை எரியவிட்டுவிடும். அதனால் விளக்கு எரிகிறது என்பதை மட்டும் வைத்து இசிஎம் உயிரோடு இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். அதற்குப் பக்கத்தில் சாவிப் படமோ பூட்டுப் படமோ சிமிட்டிக்கொண்டே இருந்தால் கதை வேறு. இசிஎம் நன்றாக இருக்கிறது, சாவியைத்தான் அடையாளம் தெரியவில்லை. வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அடுத்து பேட்டரி. இதை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. வோல்டேஜ் படுத்துவிட்டால் இசிஎம் பாதியில் அணைந்து அணைந்து எழும், சம்பந்தமில்லாத கோடுகளை, அதாவது பிழையைச் சொல்லும் எரர் கோடு எண்களை, எல்லாம் எழுதிவைக்கும். அந்தக் கோடுகளை நம்பி பத்து சென்சார் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு முறை பாபநாசத்துக்கு மேலே காரையார் போய்விட்டு வந்த குடும்பத்தின் வண்டி ஒன்று வந்தது. மலையில் ஏறும்போது சூடானதும் நிற்கும், அரை மணி நேரம் ஆறினால் எடுக்கும். போர்டு சூடாகிக் கட்டாகிறது என்று யாரோ சொல்லி வண்டிக்காரரை நம்ப வைத்திருந்தார்கள். இந்த மாதிரி வண்டியில் நின்றுபோயிருக்கும் அந்த நேரத்திலேயே ஸ்கேனரைப் போட்டு, செல்ஃப் அடித்துக்கொண்டே இன்ஜின் ஆர்பிஎம் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். இன்ஜின் சுற்றுகிறது, ஆர்பிஎம் மட்டும் பூஜ்யத்தில் நிற்கிறது என்றால், இன்ஜின் சுற்றுவதை இசிஎம்முக்குச் சொல்கிற கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். உள்ளே இருக்கும் காயில் சூட்டில் விட்டுப்போய், ஆறியதும் திரும்பச் சேர்ந்துகொள்ளும். அவருடைய வண்டியில் அந்தச் சென்சாரை மாற்றியதோடு சரியாகிவிட்டது. ஸ்கேனரோடு பேசுகிற, மற்ற சென்சார்களை எல்லாம் சரியாகக் காட்டுகிற இசிஎம் செத்த இசிஎம் இல்லை.

கரண்டும் எர்த்தும்

இந்தப் பகுதியை மட்டும் ஒழுங்காகச் செய்தால் போதும் என்பேன், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இசிஎம்முக்குக் கரண்ட் பொதுவாக மூன்று வழியில் வரும். ஒன்று பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது. அதில்தான் சில நினைவுகள் அழியாமல் இருக்கின்றன. இரண்டாவது சாவியை ஆன் செய்தால் வருவது. அதைப் பார்த்துத்தான் இசிஎம் விழித்துக்கொள்கிறது. விழித்ததும் மெயின் ரிலே என்கிற மின் சுவிட்சின் காயிலுக்கு எர்த் கொடுத்து, ரிலே வழியாகத் தனக்கு வேண்டிய பெரிய கரண்டைத் தானே இழுத்துக்கொள்கிறது. அது மூன்றாவது. ஆகவே மெயின் ரிலே டிக் என்று சத்தம் போடவில்லை என்றால் ரிலேதான் கெட்டது என்று அர்த்தமில்லை. சாவி வழியாக வர வேண்டிய இரண்டாவது கரண்ட் வராமலும் இருக்கலாம்.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று விடாதீர்கள். ஃபியூஸின் தலையில் இருக்கும் இரண்டு புள்ளியிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இசிஎம் கனெக்டரை எடுத்துவிட்டு, நெகட்டிவைத் திரும்ப மாட்டி, வயரிங் பக்கத்தில் கரண்ட் வரும் பின்னில் சோதிக்க வேண்டும். மெயின் ரிலே இசிஎம் இல்லாமல் பிடிக்காது. அந்த வழியைச் சோதிக்க ரிலேயைக் கழற்றிவிட்டு அதன் சாக்கெட்டில் 30, 87 என்று எண் போட்ட இரண்டு துளைகளுக்கும் இடையே ஃபியூஸ் வைத்த ஒரு வயரைக் கொடுக்கலாம்.

இங்கேதான் டெஸ்ட் லேம்ப் வேண்டும். மல்டிமீட்டர் கரண்ட் எடுக்காது. வயருக்குள் இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டும். மடையில் பாதி மண் அடைத்திருந்தாலும் வாய்க்காலில் தண்ணீர் தளும்பி நிற்பதுபோல. வயலுக்குப் பாய்கிறதா என்பதுதான் கேள்வி. 21 வாட் பல்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். பல்பு பளிச்சென்று எரிந்தால் அந்த வழி நல்ல வழி. மங்கலாக எரிந்தாலோ, பல்பைக் கொடுத்ததும் மீட்டரில் வோல்டேஜ் விழுந்தாலோ, அந்த வயரில் எங்கேயோ நோய் இருக்கிறது. இந்தப் பல்பைக் கரண்ட் பின்னிலும் எர்த் பின்னிலும் மட்டுமே, அதுவும் கனெக்டர் கழற்றியிருக்கும்போது வயரிங் பக்கத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். சென்சார் வயரில் வைத்தால் நல்ல இசிஎம்மை நீங்களே கொன்றுவிடுவீர்கள்.

எர்த்துக்கு வேறு முறை. கனெக்டரைத் திரும்ப மாட்டுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். சிவப்பு முனையை இசிஎம்மின் எர்த் பின்னில் பின்பக்கமாக ஊசி வழியாகக் கொடுங்கள். சாவி ஆன் செய்து பாருங்கள், அப்புறம் ஒருவரை விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லியும் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் பின் இரண்டு மூன்று இருக்கும், ஒவ்வொன்றிலும் பாருங்கள்.

வள்ளியூர் தம்பியின் வண்டியில் சாவி ஆன் செய்தபோதே 0.7 காட்டியது. செல்ஃப் அடித்தபோது 1.9. பேட்டரி தட்டைக் கழற்றினேன். அதற்குக் கீழே பாடியில் எர்த் வயர்களைச் சேர்த்து ஒரு போல்ட் போட்டிருந்தது. மேலிருந்து ஆசிட் கசிந்து கசிந்து அந்த இடம் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. போல்ட் கையாலேயே திரும்பியது. வயர் நுனியில் இருக்கும் லக்கைத் தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது. நாங்குநேரியில் அந்த வண்டி நின்றதற்கும், ஸ்கேனருக்கு இசிஎம் பதில் சொல்லாததற்கும் அவ்வளவுதான் காரணம். புது லக் வைத்து, வயரைச் சுத்தமான இடம் வரை வெட்டிச் சேர்த்து, பாடியை எமரி பேப்பரால் வெள்ளையாகும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மீட்டர் 0.03 காட்டியது. முதல் செல்ஃபிலேயே எடுத்துவிட்டது. 600 ரூபாய் வாங்கினேன். தம்பி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

ஐந்து வோல்ட்

கரண்ட், எர்த் இரண்டும் சுத்தம், ஆனாலும் இசிஎம் ஊமையாக இருக்கிறது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஐந்து வோல்ட். சென்சார்களுக்கு வேலை செய்ய இசிஎம் தன்னிடமிருந்து ஐந்து வோல்ட் கொடுக்கிறது. ஒரே வழியில் பல சென்சார்கள் தொங்கும். அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் மொத்த வழியும் விழும். சில இசிஎம் அப்போது ஸ்கேனரோடுகூடப் பேசாது. பார்ப்பவருக்குச் செத்ததுபோலத்தான் தெரியும்.

உவரியில் மீன் வியாபாரம் செய்கிற ஒருவரின் பிக்கப் வண்டியில் இதைப் பார்த்தேன். ஐந்து வர வேண்டிய இடத்தில் 0.4 வோல்ட் வந்தது. சாவியை ஆனில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சென்சாராகக் கனெக்டரைக் கழற்றிக்கொண்டே வந்தேன். பெடல், மேப் சென்சார், ரெயில் பிரஷர் சென்சார், எதைக் கழற்றினாலும் எழவில்லை. முன்னால் கண்டென்சர் பக்கம் இருக்கும் ஏசி பிரஷர் சென்சாரைக் கழற்றியதும் சட்டென்று 5.0 வந்து நின்றது. கடல் காற்றும் மீன் தண்ணீரும் அதன் பின்களைத் தின்றிருந்தன. இன்ஜின் ஓடுவதற்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம் என்று அதை விட்டிருந்தால், அவர் ஒரு புது இசிஎம் வாங்கி, அதுவும் ஓடாமல் நின்றிருக்கும்.

ஸ்கேனர் பேசவில்லை என்றால்

சொருகும் 16 பின் சாக்கெட்டையே முதலில் பாருங்கள். 16-ஆம் பின்னில் பேட்டரி கரண்ட், 4, 5 இரண்டிலும் எர்த் இருக்க வேண்டும். பல வண்டிகளில் அந்தக் கரண்ட் சிகரெட் லைட்டர் ஃபியூஸ் வழியாகவே வருகிறது. மொபைல் சார்ஜர் ஒன்று அந்த ஃபியூஸை எரித்திருந்தால் ஸ்கேனருக்கே உயிர் வராது.

பிறகு கேன் லைன், அதாவது வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுகிற இரட்டை வயர். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, 6-க்கும் 14-க்கும் இடையில் ஓம்ஸ் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சேர்த்து 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. சாக்கெட்டுக்கும் கேன் லைனுக்கும் நடுவில் கேட்வே என்ற இடைப்பெட்டி வைத்த வண்டிகளில் இந்தக் கணக்கு அந்தச் சாக்கெட்டில் வராது, படத்தைப் பார்த்து உள்ளே போய் அளக்க வேண்டும். சில பழைய வண்டிகள் 7-ஆம் பின்னில் ஒற்றை வயரில் பேசும்.

வயர் அறுந்தது என்று சொல்லும்போது எலியைச் சொல்லாமல் விட முடியாது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கத்திலிருந்து பிசான நெல் அறுவடை முடிந்த கையோடு வரிசையாக வண்டிகள் வரும். வயலில் இருந்த எலி வீட்டுக்கு வருகிறது, இன்ஜின் சூட்டுக்கு பானட்டுக்குள் போய்ப் படுக்கிறது. வெளியே டேப் முழுசாக இருக்கும், உள்ளே இரண்டு வயரின் தோல் மட்டும் உரிந்திருக்கும். இசிஎம்முக்குப் போகும் கட்டைக் கையால் ஒவ்வொரு ஜானாக அழுத்தி, வளைத்து, வண்டி ஓட்டத்தில் மாற்றம் வருகிறதா என்று பாருங்கள். டீசல் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டரின் வயர்ப் பக்கம் மட்டும் கை போக வேண்டாம். அதில் 60 வோல்ட்டுக்கு மேல் வரும், அடித்தால் பலமாக அடிக்கும்.

ஸ்கேனர் பேசி, பி0601-லிருந்து பி0606-க்குள் ஏதாவது கோடு காட்டினால், அவை இசிஎம்மின் உள் நினைவையும் பிராசஸரையும் பற்றிய கோடுகள். அப்போதும் அவசரப்படாதீர்கள். வோல்டேஜ் விழுந்தாலும் இவை வரும். பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, கோடுகளை அழித்து, மறுபடி சாவியைப் போடுங்கள். கரண்ட், எர்த் எல்லாம் சரியாக இருந்தும் அதே கோடு திரும்பத் திரும்ப வந்து நின்றால் இப்போது இசிஎம் மேல் விரலை நீட்டலாம். இசிஎம்மிலிருந்து ஒரு இன்ஜெக்டருக்கோ இக்னிஷன் காயிலுக்கோ மட்டும் சிக்னல் வெளியே வரவில்லை, வயரும் நன்றாக இருக்கிறது என்றால், உள்ளே அந்த சிக்னலைக் கொடுக்கும் டிரைவர் என்ற சர்க்யூட் எரிந்திருக்கிறது.

அது ஏன் எரிந்தது என்று கண்டுபிடிக்காமல் புதுசு மாட்டக் கூடாது. பெரும்பாலும் வெளியே ஒரு காரணம் இருக்கும். ஷார்ட் ஆன இன்ஜெக்டர், ஷார்ட் ஆன காயில், ஜம்பர் கேபிளை மாற்றி மாட்டியது, பேட்டரியைக் கழற்றாமல் பம்பரில் வெல்டிங் வைத்தது, வாட்டர் வாஷில் பிரஷர் தண்ணீரைக் கனெக்டருக்குள் அடித்தது. சாதாரண பெட்ரோல் இன்ஜெக்டர் 12-லிருந்து 16 ஓம் வரை காட்டும். காமன் ரெயில் டீசலின் சோலனாய்டு இன்ஜெக்டர் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும், நான்கையும் அளந்து ஒன்றுக்கொன்று ஒப்பிட வேண்டும். நான்கில் ஒன்று தனித்து நின்றால் குற்றவாளி அது.

தண்ணீரில் நின்ற வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் ஊரில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி ஏறி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு, சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீராகக் கிடந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் செய்த வேலை முழுக்க அந்த வண்டிகள்தான்.

தண்ணீரில் நின்ற காரில் ஒரே ஒரு விஷயம் இசிஎம்மின் விதியை முடிவு செய்கிறது. சாவியைப் போட்டீர்களா, இல்லையா. ஈரமாக இருக்கும் பின்களுக்கு இடையே கரண்ட் பாய்ந்தால் செம்பு கரைந்து பச்சையாகப் படியும், ஒரு மணி நேரத்திலேயே மெல்லிய பின்கள் அரிக்கப்பட்டுவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கனெக்டர்களைத் திறந்து, நல்ல தண்ணீரிலும் பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலும் கழுவி, நிழலில் காற்றில் காயவிட்ட வண்டிகள் பல தப்பின. தண்ணீர் வயருக்குள்ளேயே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். உயரத்தில் இருந்த இசிஎம்மின் கனெக்டரில்கூட ஈரம் பார்த்திருக்கிறேன்.

சிந்துபூந்துறையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பெட்ரோல் கார் சீட் வரை முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், "சும்மா ஒரு தடவை போட்டுப் பாத்தேன் தம்பி" என்றார். டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த இசிஎம்மை எடுத்துத் திறந்தேன். போர்டின் ஓரம் முழுக்கப் பச்சை. மூன்று பின் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. கரண்ட் வழி, எர்த், வயரிங் எல்லாவற்றையும் முன்சொன்ன மாதிரி பார்த்து, கெட்ட கனெக்டர் ஒன்றையும் மாற்றிய பிறகு, சார், இதை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன்.

மாற்றும்போது முதலில் ஸ்டிக்கரை போட்டோ எடுங்கள். அதில் இருக்கும் ஹார்டுவேர் எண், சாஃப்ட்வேர் எண் இரண்டும் பொருந்த வேண்டும். கார் அதே மாடல், பெட்டியும் பார்க்க அதே மாதிரி, ஆனால் கியர் ஆட்டோமேட்டிக், அல்லது பிஎஸ் 4-க்கு பதில் பிஎஸ் 6, அவ்வளவு வேறுபாடு போதும் ஓடாமல் இருக்க.

மூன்று வழி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் புதுசு வாங்கி, அவர்களே சேஸிஸ் எண்ணையும் சாவியையும் அதில் பதிவு செய்வது. இதுதான் செலவு அதிகம், தலைவலி குறைவு. எல்லாச் சாவிகளையும் ஆர்சி புக்கையும் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, போர்டு ரிப்பேர் செய்பவரிடம் கொடுப்பது. டிரைவர் எரிந்தது, சால்டர் விட்டது போன்றவை சரியாகும். பிராசஸர் போனால் வழியில்லை. மூன்றாவது, அதே எண் உள்ள பழைய இசிஎம் ஒன்றை வாங்கி, செத்ததன் மெமரி சிப்பில் இருப்பதை அப்படியே அதில் ஏற்றுவது. அப்படி ஏற்றாமல் பழைய இசிஎம்மை நேரடியாக மாட்டினால், அது வேறொரு வண்டியின் சாவியைத்தான் தேடும். செல்ஃப் அடிக்கும், இன்ஜின் எடுக்காது. சாவி பொருந்தாவிட்டால் இன்ஜினை எடுக்க விடாத திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசர் அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். அந்த வேலைக்கு வருகிற எல்லோரிடமும் நான் ஆர்சி புக்கும் உரிமையாளரின் அடையாள அட்டையும் கேட்பேன். கொடுக்காதவர்களின் வண்டியைத் தொடமாட்டேன்.

ஆசிரியருக்கு மூன்றாவது வழிதான் முடிந்தது. நல்லவேளையாக அவருடைய போர்டில் மெமரி சிப் இருந்த மூலை காய்ந்து கிடந்தது. மதுரையில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படித்து, பழைய இசிஎம்மில் ஏற்றி வாங்கினேன்.

கழற்றுவதும் மாட்டுவதும் கால் மணி நேர வேலை, ஆனால் வரிசை மாறக் கூடாது. சாவியை எடுத்துவிட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் காத்திருங்கள், இசிஎம் தன் கணக்குகளை எழுதிவிட்டுத் தூங்கட்டும். பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பாடியில் ஒரு இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக்கை இறக்குங்கள். கனெக்டரில் லிவர் பூட்டு இருக்கும், ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பாமல் லிவரையே திருப்புங்கள். பின்களில் விரல் படக் கூடாது. புதுசை மாட்டும்போது ரப்பர் புஷ், பிராக்கெட் எதையும் விட்டுவிடாதீர்கள், அதிர்வில் சால்டர் விடுவது அதனால்தான். எல்லாக் கனெக்டரையும் பூட்டிய பிறகுதான் நெகட்டிவ் கடைசியாக வர வேண்டும்.

புரோகிராம் ஏற்றுவதாக இருந்தால் வண்டியின் பேட்டரியில் சார்ஜர் ஒன்றைப் போட்டு வோல்டேஜை 13-க்கு மேல் நிலையாக வைத்திருங்கள். ஹெட்லைட், ஏசி, பேன் எல்லாம் ஆஃப். லேப்டாப்பில் முழு சார்ஜ் இருக்கட்டும். பாதியில் நின்றால் அந்த இசிஎம் அதோடு முடியும். கடையில் மின்வெட்டு வரும் நேரத்தில் நான் இந்த வேலையைத் தொடுவதில்லை. டீசலாக இருந்தால் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையில் இருக்கும் கோடு எண்ணையும் அதே சிலிண்டர் வரிசையில் இசிஎம்மில் எழுத வேண்டும். இதை விட்டுவிட்டு, புகை வருகிறது, ஐடிலில் நடுங்குகிறது என்று அலைகிறவர்கள் நிறைய.

மாட்டியதும் சாவியை ஆன் செய்து பத்து விநாடி விட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ரேடியேட்டர் பேன் ஒரு முறை சுற்றி நிற்கும் வரை ஐடிலில் ஓடட்டும். திராட்டில் பழக்கும் வேலை ஸ்கேனரில் இருந்தால் அதையும் செய்யுங்கள். கோடுகளை அழித்துவிட்டு ஏசி போட்டு, போடாமல், மெதுவாக, வேகமாக ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். நான் ஆசிரியரையே பக்கத்தில் உட்காரவைத்து கங்கைகொண்டான் வரை போய்த் திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வரச் சொல்லி ஸ்கேனர் போட்டேன். ஒரு கோடும் இல்லை. செத்த இசிஎம்மை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மெமரி ஃபைல் ஏற்றிய பென் டிரைவோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தேன். பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீங்க சார், அடுத்து எப்போதாவது ஒன்று வேண்டியிருந்தால் இந்த இரண்டையும்தான் முதலில் கேட்பார்கள் என்று சொல்லி அனுப்பினேன்.